இண்டிகேட்டர் போட்டாரா?

“யோவ், கண்ணு தெரியலைன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே? இண்டிகேட்டர் போடாம ரைட்ல ஒடிக்கியே, ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு வாசலா?”

காரை விட்டு இறங்கி நடுரோட்டில் நின்று கத்தினான் அந்த இளைஞன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறான் போல, தலை இன்னும் காயவில்லை.

வள்ளித்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. இண்டிகேட்டர் போடவில்லையாமே! பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியாதா?

அவள் புருஷன் மணிமுத்து பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். லடாக் மலையில் ஓட்டிய மனுஷனுக்குத் தென்காசி ரோடு ஒரு விஷயமா? ஆனாலும் வண்டியைத் திருப்புவதென்றால் இன்றைக்கும் புதுசாக லைசென்ஸ் எடுத்தவர் மாதிரிதான் திருப்புவார்.

தங்கச்சி மகளின் புது வீட்டுப் பால்காய்ப்புக்காக ஆய்க்குடியிலிருந்து வந்திருந்தார்கள். வீடு இருக்கிற தெரு வலது பக்கம். தெரு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டை ஒட்டி வண்டியைக் கொண்டுவந்தார். எதிரே செங்கோட்டை பஸ் வந்தது. அது போகட்டும் என்று நின்றார். சாரல் நேரம், பின்னால் வருகிறவனுக்கு லைட் தெரியாமல் போய்விடக்கூடாதென்று கையையும் வெளியே நீட்டினார்.

“இன்னும் என்ன, திரும்புங்க. நல்ல நேரம் முடிஞ்சிரும்” என்று அவள்தான் அவசரப்படுத்தினாள்.

பஸ் போனது. வண்டி ஒரு அடி நகர்ந்திருக்காது. பின்னாலிருந்து பறந்து வந்த இவன் கார், வலது பக்கமாகவே ஏறிப் போனது. மணிமுத்து பிரேக்கை மிதித்ததால் இவர்கள் வண்டிக்குச் சேதம் பம்பரோடு போச்சு. அவன் காரின் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல்.

“வலது பக்கம் திரும்ப நிக்குத வண்டியை வலது பக்கமாவே முந்துவியாலே நீ?” வள்ளித்தாய் இறங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ பெருசு, உன் பொம்பளையச் சும்மா இருக்கச் சொல்லு.”

கூட்டம் கூடிவிட்டது. ரெண்டு பேர் செல்லைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள்.

நேந்திரங்கா சிப்ஸ் கடைக்காரர் பரீது, அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். “தம்பி, அண்ணாச்சி கையக் காட்டிக்கிட்டு நின்னாரு. நான் கடையில இருந்து பாத்தேன். வேணும்னா கேமரா இருக்கு, வாங்க போட்டுப் பாத்துருவோம்.”

“நீ உன் சிப்ஸைப் பாருய்யா!”

அப்போது அவன் காருக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. முன்சீட்டில் அவன் மனைவி. ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது.

“நான்தான் சொன்னேம்லா... அவரு இண்டிகேட்டர் போட்டுருக்காருன்னு.”

தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் வள்ளித்தாய் காதில் விழுந்துவிட்டது. விடுவாளா?

“கேட்டியாலே! உன் பொண்டாட்டியே சொல்லுதா! ஏம்மா, நல்லா சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!”

அவன் மனைவி பக்கம் திரும்பினான். வள்ளித்தாயோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டுக்கிடுங்கய்யா!”

அதற்குப் பிறகு மணிமுத்து செய்ததுதான் அவளால் தாங்க முடியாதது.

விறுவிறுவென்று போய் அவனுக்கும் அவன் காருக்கும் நடுவில் நின்றார். ரெண்டு கையையும் கூப்பினார்.

“தப்பு என் மேலதான் தம்பி. இண்டிகேட்டர் போட மறந்துட்டேன். அந்தப் பிள்ளை வேற எந்த வண்டியவோ பாத்துட்டுச் சொல்லுது.”

“ஏங்க, என்ன பேசுதீங்க?” பதறினாள் வள்ளித்தாய்.

“நீ வாய மூடுட்டி!”

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் அவளை அப்படி அதட்டியதில்லை.

“அண்ணாச்சி, கேமராவில...” என்று இழுத்தார் பரீது.

“கேமராவெல்லாம் வேண்டாம் பாய். நான்தான் ஒத்துக்கிடுதேன்லா.”

பரீது கடைக்குத் திரும்பிப் போனார்.

அவன் முகத்தில் இப்போது சிரிப்பு. “பாத்தியாட்டி, அவரே ஒத்துக்கிட்டாரு” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினான். “கெழவனுக்கெல்லாம் எவன்தான் லைசென்ஸ் குடுக்கானோ!”

கார் போய்விட்டது. வள்ளித்தாய் வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“பட்டாளத்துக்காரராம்! செய்யாத தப்புக்கு அந்தப் பொடிப்பய கிட்டப் போய்க் கும்பிட்டுட்டு வாரீரு. வீடியோவ ஊரே பாக்கப் போகுது. நியாயம் பேச வந்த பாய் மூஞ்சில கரியப் பூசியாச்சு. என்னைய பொய்க்காரி ஆக்கியாச்சு. அவன் பொண்டாட்டியே நமக்குச் சாட்சி சொல்லுதா, உமக்கு என்ன வந்துச்சு? பயமா?”

மணிமுத்து வண்டியைத் தெருவுக்குள் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார். முகம் சிவந்து கிடந்தது. பயந்தவர் முகம் இல்லை அது.

“சத்தமாச் சொல்லுன்னு நீ சொன்னியே, அப்ப அவன் அந்தப் பிள்ளை பக்கம் திரும்புனான்லா?”

“ஆமா. அதுக்கு?”

“கண்ணாடிய ஏத்துன்னுதான் கையத் தூக்குனான், வள்ளி. அதுக்கே அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டா.”

அந்தக் கார் போன ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள் வள்ளித்தாய்.

“நாம ஜெயிச்சிட்டு பால்காய்ப்புக்குப் போயிருவோம். அவ அவன்கூடத்தான வீட்டுக்குப் போணும்?”