மச்சானின் சுருட்டு

"இவனும் போயிட்டான்" என்றபடி ஃபெர்மின் கைக்குட்டையைக் கடை மேசைமேல் பிரித்து வைத்தார். மூலையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள்.

கைக்குட்டைக்குள் கிடந்தது ஒரு சுருட்டு. மேல் இலை தலையிலிருந்து கால்வரை வெடித்து, உள்ளிருந்த புகையிலை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டியில கடைசி இதுதான் மாப்ளே. என் பொறந்தநாளுக்குன்னு வெச்சிருந்தேன். நேத்து சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. தீக்குச்சியைக் கிட்ட கொண்டு போறேன், பட்டுனு வாழைப்பழத் தோலாட்டம் உரிஞ்சுக்கிச்சு. என் பேத்தி கைதட்டிச் சிரிக்கிறா!"

"பேசாம உன் சுருட்டையெல்லாம் அவளுக்கே பட்டாசாக் குடுத்துடுடா" என்றார் டொமினோ மேசையிலிருந்து ஒனெலியோ.

கடைக்கார எலாதியோ சிரிக்கவில்லை. ஃபெர்மினின் மனைவி சொரைதாவுக்குத் தம்பி அவன். ஹவானாவில் இளவட்டமாக இருந்தபோதே சுருட்டு உருட்டப் பழகியவன். கியூபாக்காரர்கள் குடியேறி வாழும் அமெரிக்க ஊரான இந்த யூனியன் சிட்டியில் சுருட்டைப் பற்றி அவன் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது.

குளிர்காலம் பிறக்கும்வரை ஃபெர்மினுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து ஒன்று வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஊதிவிட்டுப் போவார். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பிய வாரம், கடைக்குள் புகைக்கக் கூடாது என்று எலாதியோ பலகை மாட்டிவிட்டான். சட்டமாம். "பனியில எதுக்கு மச்சான் அலையறீங்க? வீட்டுல வெச்சுப் பிடிங்க" என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தனுப்பியவனும் அவன்தான்.

சுருட்டின் வாசனைகூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொரைதா ரம் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். பன்றி வறுவலை அக்கம்பக்கத்து நாய்க்குப் போட்டாள். ஆனால் சுருட்டுப் பெட்டியைப் பார்த்தபோது மட்டும், "என் தம்பி குடுத்ததா? சரி, வெச்சுக்குங்க" என்று போய்விட்டாள். பிறந்த வீட்டுப் பாசம் நமக்கு உதவுகிறது என்று ஃபெர்மின் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"நான் சொன்னபடி செஞ்சீங்களா மச்சான்?"

"அட்சரம் பிசகலை. குளிர் தாக்கக் கூடாதுன்னு பெட்டியை ஹீட்டர் மேலயே வெச்சேன். காத்தாடட்டும்னு மூடியைத் திறந்து போட்டேன். உள்ள இருந்த ஈரப் பஞ்சையும் எடுத்துக் கடாசிட்டேன். அது ஐஸாகி இலையைப் பிளந்துடும்னு நீதானே சொன்னே?"

ஒனெலியோவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"பத்தவைக்கறதுக்கு முன்னாடி?" என்று கேட்டான் எலாதியோ.

"ஜன்னலைத் திறந்து பனியில கொஞ்ச நேரம் காட்டினேன்."

"அப்ப இந்த ஊர்க் குளிருதான் காரணம்" என்று பெருமூச்சு விட்டான் எலாதியோ. "நம்ம ஊர்க் காத்துல ஈரம் இருந்துச்சு. இங்க மனுஷன் உதடே வெடிக்குது, சுருட்டு வெடிக்காதா? வேணும்னா இன்னொரு பெட்டி தர்றேன் மச்சான்."

ஃபெர்மின் அந்த வெடித்த சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிர்காலத்தில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பிடித்ததில்லை. இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. பதிலுக்குக் கோபம் வந்தது.

"வேணாம்!" மேசையை ஓங்கித் தட்டினார். "பேத்தி முன்னாடி மானம் போனது போதும்!"

விறுவிறுவென்று போய், சுவரில் மாட்டியிருந்த, கியூபாவின் பாதுகாவலியான கரிதாத் மாதா படத்தின் மேல் கை வைத்தார். "மாதா மேல ஆணை. இனிமே செத்தாலும் சுருட்டைத் தொட மாட்டேன். இங்க இருக்கிற எல்லாரும் சாட்சி!"

மாதா மேல் வைத்த ஆணையைத் திரும்ப வாங்கிக்கொண்ட கியூபாக்காரனை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எலாதியோ ஓடி வந்து மச்சானை இறுகக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. பாவம், நல்ல வாடிக்கை ஒன்று போகிற வருத்தம் போலிருக்கிறது என்று ஃபெர்மின் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் கதவு மணி கிணுகிணுத்தது. கோட்டெல்லாம் பனியாக ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரோட சுருட்டெல்லாம் இந்தக் குளிருல வெடிச்சு வெடிச்சு வீணாப் போகுது. என்ன பண்ணினா வெடிக்காது?"

"சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கேம்மா" என்றார் ஃபெர்மின், கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டே. "என் மச்சினன்கிட்ட எல்லா வழியும் இருக்கு. எனக்குத்தான் குடுத்துவைக்கலை. சொல்லு மாப்ளே!"

எலாதியோ மச்சானைப் பார்த்தான். மாதா படத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணிடம் மெல்லச் சொன்னான்:

"மொதல்ல, இவருக்கு நான் சொன்னது எதையும் செஞ்சிடாதீங்க."