ஐந்து வளைவு

கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஆறாவது வளைவு திரும்பும்போது நாகஜோதி என் தொடையை இறுக்கிப் பிடித்தாள்.

பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் பதினாலு பொம்பளைகள். வளைவில் யாராவது யாரையாவது பிடிப்பதுதான்.

பிறகு சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி.

அவள் குனிந்து, முந்தானைக்குள் மறைத்து, எதையோ வாயில் வைத்து அமுக்கினாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த கங்காணி ஞானசிகாமணி கண்ணாடியில் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த மறைப்பு.

போன வருசம் தேவாரம் ஊர்க்காரி ஒருத்தி ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்துப் புகை தாங்காமல் மூச்சிழுப்பு வந்து செத்துப்போனாள். கங்காணி ஒரு வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தார். அதிலிருந்து இழுப்பு உள்ள யாரையும் அவர் ஏற்றுவதில்லை. இருமினாலே இறக்கிவிடுவார். நாங்கள் எல்லோரும் இருமலை விழுங்கப் பழகியிருந்தோம்.

முந்தானையை விலக்கிப் பார்த்தேன். ஆரஞ்சு நிற மூச்சுப் பம்பு.

"அடி கூறுகெட்டவளே, இது தெனமும் காலையிலயும் சாயந்தரமும் அடிக்கிறது. இப்ப இது கேக்காது. நீலம் எங்கன?"

கையை விரித்தாள். தீர்ந்துபோய்விட்டது.

நீலம் சுருங்கின மூச்சுக்குழாயை உடனே விரிக்கும். ஆரஞ்சு உள்ளே இருக்கிற வீக்கத்தை நாள்பட ஆற்றும். மூச்சு முட்டுகிற நேரத்தில் ஆரஞ்சை எத்தனை தடவை அமுக்கினாலும் அது தன் நிதானத்தில்தான் வேலை செய்யும்.

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சி காதோடு கேட்டாள்.

"ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாக."

ஏழாவது வளைவில் தார்ப்பாயைத் தூக்கிவிட்டோம். பனிக்காற்று முகத்தில் அடித்தது. குளிர் பட்டதும் அவளுக்கு மூச்சு இன்னும் இறுகியது. அவசரமாகப் பாயை இறக்கிவிட்டேன்.

"என்னத்தா அங்கன சத்தம்?" என்றார் கங்காணி.

"ஒண்ணுமில்லண்ணே, காலையில தின்ன பழைய சோறு," என்றாள் முத்துப்பேச்சி. "நீங்க ஒழுங்கா ஓட்டுங்க. இல்ல, வயித்துல உள்ளதெல்லாம் ஒங்க தலையிலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

எட்டாவது வளைவில் அவளுக்குப் பேச்சு நின்றது. தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது.

நான் தாழ்ந்த குரலில் கேட்டேன். "எவளாச்சும் நீலப் பம்பு வச்சிருக்கீகளா?"

ஒருத்தி தூக்குவாளி மூடியைத் திருகினாள். ஒருத்தி வெளியே பார்த்தாள்.

"இருந்தா குடுங்கடி. யாருதுன்னு கேக்க மாட்டேன்."

ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒன்பதாவது வளைவில் விசில் குறைந்தது.

"தேவல போல. சத்தம் அடங்கிருச்சு," என்றாள் முத்துப்பேச்சி.

சத்தம் அடங்குவது நல்லதில்லை. விசில் ஊதுகிற அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். அவள் கையைத் தூக்கிப் பார்த்தேன். நகமெல்லாம் நாவல்பழ நிறம்.

பத்தாவது வளைவு போனது.

பதினொன்றில் அவள் தலை என் தோளில் சரிந்தது.

நான் காலடியில் குனிந்து நிமிர்ந்தேன். கையில் நீலப் பம்பு.

"சீட்டுக்கடியில கெடந்துச்சு," என்றேன், யாரும் கேட்காமலே.

பம்பை நேராக அவள் வாயில் வைத்தால் இழுக்க அவளிடம் தெம்பில்லை. பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முத்துப்பேச்சி இடுப்பில் செருகியிருந்த கத்தியால் அடியில் ஓட்டை போட்டேன். பம்பைக் குலுக்கி அந்த ஓட்டையில் செருகினேன். பாட்டிலின் வாயை அவள் வாய்க்குள் வைத்து உதட்டைச் சுற்றிப் பொத்தினேன்.

ஒரு அமுக்கு. நாலு மூச்சு. மறுபடி குலுக்கி, ஒரு அமுக்கு. நாலு மூச்சு.

அதற்குள் கங்காணி வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் வந்துவிட்டார். திட்டவில்லை. பாட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது அமுக்குக்குப் பிறகு விசில் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது.

"யாரோட பம்பு இது?" என்றார் கங்காணி.

"சீட்டுக்கடியில கெடந்துச்சாம்," என்றாள் முத்துப்பேச்சி.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கீழே போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். நாகஜோதியிடம், முத்துப்பேச்சியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

போகிற வழியில் மறுபடி இழுத்தால் வேண்டும் என்று, பம்பையும் பாட்டிலையும் நாகஜோதி மடியிலேயே வைத்தேன்.

"யாரு விட்டுட்டுப் போனாகளோ," என்றாள், விட்டு விட்டு மூச்சு வாங்கி. "அவுக புள்ள குட்டிக நல்லாருக்கணும்க்கா."

நான் தலையாட்டினேன்.

பஸ் இறங்கிப் போய்விட்டது. கங்காணி ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்தேன். தோட்டத்தில் அன்று மருந்தடிப்பு.

அந்தப் பம்பில் இன்னும் எழுபத்தொரு அமுக்கு இருக்கும். தீர்ந்த நூற்று இருபத்து மூன்றுக்கும் என் வீட்டு அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆறு.

அவள் என் தொடையைப் பிடித்தபோதே எடுத்திருந்தால் இரண்டு போதும்.