மூன்று கிலோ தர்க்கம்

தர்க்கப் பேராசிரியர் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றார். டாக்டர் சொன்ன பத்தியம், பத்து நாளாக வீட்டில் வெறும் வேகவைத்த காய்தான். ஆனாலும் முள் மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது.

"பகல்ல சாப்பிடாதவன் பருத்தா ராத்திரி சாப்பிடறான்னு அர்த்தம்னு பாடம் நடத்தறீங்களே, வீட்ல சாப்பிடாதவன் பருத்தா?" என்றாள் மனைவி.

மறுத்தால் முப்பது வருடப் பாடம் பொய்யாகிவிடும். "காலேஜ் வாசல் பேக்கரி. தினம் ரெண்டு கேக்," என்று முனகியபடி இறங்கினார்.

இறங்கிய பின்னும் முள் மூன்று கிலோவிலேயே நின்றது. அவள் சாவகாசமாகக் குனிந்து, கருவியின் திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அடிப்பாவி, பனியைக் காட்டிப் புகைன்னு சொல்லி, அதனால நெருப்பு இருக்குங்கறியா? அந்த அனுமானம் செல்லாது."

"செல்லாதுதாங்க. ஆனா நெருப்பு இருந்துச்சே."