மூன்று மீட்டர் கயிறு

"எக்ஸ்ங்கறது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டீங்களா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்பில் இயற்கணிதம் படிக்க வந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் ஐம்பது வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் 'பெரியப்பா' என்று கூப்பிட்டார்கள். ஏதோ இரும்புக் கிடங்கில் வேலை என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

சூத்திரத்தில் ஓர் எழுத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவதற்குள் மனிதருக்கு வியர்த்து ஊற்றிவிடும். இரண்டு தேர்வில் கோட்டை விட்டார். ஆனாலும் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. பதவி உயர்வுக்காகத்தான் இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று ஆசிரியை நினைத்திருந்தாள்.

கடைசித் தேர்வுக்கு முந்தின வாரம், எல்லோரும் போன பிறகு, நான்காக மடித்த தாளை அவளிடம் நீட்டினார். ஒரு விபத்தின் விசாரணை அறிக்கை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு கயிறு அறுந்து, இரும்பு உத்தரம் விழுந்து, கீழே நின்ற ஒருவர் செத்துப்போனார். கிரேன் டிரைவர் வெடுக்கென்று தூக்கியதுதான் காரணம் என்று எழுதி, அவரை வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள்.

"டிரைவர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீங்க போட்டுக் குடுக்காதீங்க மிஸ். நானே போடறேன். தப்பாப் போனா மட்டும் சொல்லுங்க."

தன்னையே யாரோ மூன்றாம் மனுஷனைப் போலச் சொல்லிக்கொள்கிறாரே, எத்தனை வருஷமாக இந்தப் பழியைச் சுமக்கிறாரோ என்று அவள் மனம் இளகிவிட்டது.

உத்தரம் நான்கு டன். அதன் இரண்டு முனையிலிருந்தும் கொக்கிக்கு மூன்று மீட்டர் கயிறு. கொக்கி உத்தரத்துக்கு ஒரு மீட்டர் மேலே. இழுவை ஐந்து டன்னைத் தொட்டால் கயிறு அறுந்துவிடும். எடையைக் கயிற்றின் நீளத்தால் பெருக்கி, உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அவர் வகுக்க மறந்தார். அவள் பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஆறு டன் வந்தது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதே உத்தரத்துக்கு நான்கு மீட்டர் கயிறாக வைத்துத் தானே ஒரு கணக்குப் போட்டாள். மூன்று டன்கூட வரவில்லை.

"டிரைவர் மேல துளிகூடத் தப்பில்ல," என்றாள். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு மெதுவாத் தூக்கியிருந்தாலும் அறுந்துதான் இருக்கும். நீளக் கயிறு எடுக்கச் சோம்பல்பட்டு, குட்டைக் கயிறுல கட்டினானே, அவன்தான் குத்தவாளி. இனிமே நீங்க தலை நிமிர்ந்து நடக்கலாம்."

அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, கணக்கு சரி என்று அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். டிரைவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

அவள் புரியாமல் நிமிர்ந்தாள்.

"நான் டிரைவர் இல்ல மிஸ். கயிறு கட்டினவன். அவன் வெடுக்குனு தூக்கினான்னு சாட்சி சொன்னதும் நான்தான்."