மடிப்பில்லாத குழாய்

குண்டசாலையில் தமிழர் வீடுகளைச் சோதிக்க வந்த பொலிஸ், விவேகானந்தன் வீட்டு ஒக்சிசன் சிலிண்டரைக் கண்டதும் குண்டோ என்று அப்படியே நின்றுவிட்டது.

"இது என்னா?" என்றார் சார்ஜன். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"ஒக்சிசன் ஐயா. வீட்டில ஒரு நோயாளி. ரெண்டு அடி நடந்தாலே மூச்சு முட்டும்." பென்சன் எடுத்த இஞ்சினியரான விவேகானந்தன் பயத்தை மறைக்க உள்ளே பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "மங்களம், ஐயாமாருக்குத் தேத்தண்ணி!"

சாளரத்தருகே கொடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நூல் பிடித்தாற்போல் தொங்கியது. சார்ஜன் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ! தினமும் நான்தான் இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவைச்சு, நிமித்தி, காயப்போடுறன். ஒரு மடிப்பு விழுந்தாலும் காத்துப் போகாது. ரெண்டு மணித்தியாலம் தொங்கினால்தான் நேராகும்."

"அதுவரைக்கும் நோயாளி?"

"பொறுக்கத்தான் வேணும். ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கெல்லே?"

தேநீர் வந்தது. ஐந்து கோப்பைகளும் தட்டில் கிலுகிலுத்தன. மங்களம் தட்டை வைத்துவிட்டுக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாய் குடித்த விவேகானந்தன் முகத்தைச் சுளித்தார். "சீனி காணாது."

அவள் மறுபடி குசினிக்குப் போனாள்.

"நல்லா பாக்கிறது, மாத்தையா," என்றார் சார்ஜன். "ஆனா நாங்க நோயாளிய பாக்கணும்."

விவேகானந்தன் குசினிப் பக்கம் திரும்பினார்.

"மங்களம், சீனியை வைச்சிட்டு வந்து கட்டில்ல படும். ஐயாமாருக்கு நோயாளியைப் பாக்க வேணுமாம்."