பதின்மூன்று குறிகள்

பர்னோ நகரத்து டிராம் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பாதி கடித்த ரொட்டி மேசையில் காய்ந்து கிடக்க, ராதிம் திரையையே வெறிக்கிறான். தூங்கவைத்த மடிக்கணினி சில சமயம் எழுவதேயில்லை. போன பதிப்பில் இல்லாத கோளாறு. நாளை மாலை புதுப் பதிப்பு வெளியாக வேண்டும். இரண்டு பதிப்புக்கும் இடையில், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் நுழைந்த எட்டாயிரம் மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரே தடவை ஓட்டிப்பார்த்து, ‘எழுந்தது’, ‘எழவில்லை’ என்று மூன்று நாளாகத் தாளில் பதின்மூன்று குறி போட்டிருக்கிறான். கடைசியில் ஒற்றை மாற்றம் மிஞ்சியிருக்கிறது.

“ஆள் அகப்பட்டானா?” என்கிறாள் பக்கத்து மேசை ஹெத்விகா.

“அகப்பட்டான். கமெண்ட்ல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கான். அவ்வளவுதான்.”

சிரிக்கத் திறந்த வாயை அவள் மூடிக்கொள்கிறாள். கமெண்ட் என்பது நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்பு; அதை இயந்திரம் படிப்பதேயில்லை. “அப்போ நீ போட்ட குறியில ஏதோ ஒண்ணு பொய்டா.”

“எதுன்னு நீதான் சொல்லேன்.”

எழவில்லை என்று முதல் நாளே குறித்த பதிப்பை மறுபடி ஏற்றி, மடிக்கணினியை மூடித் திறக்கிறான். அது சமர்த்தாக விழித்துக்கொள்கிறது. வெயில் பட்ட திரையில் அவன் முகம் மங்கலாகத் தெரிகிறது.

“எழுந்துடுச்சே!” என்கிறாள் ஹெத்விகா.

கோளாறுள்ள பதிப்பே சில தடவை எழுந்துவிடும் என்றால், ஒரே தடவை பார்த்துப் போட்ட ‘எழுந்தது’ எதையும் நம்ப முடியாது. ராதிமின் விரல் தாளில் ‘எழுந்தது’ என்ற குறிகள்மேல் ஒவ்வொன்றாக நகர்கிறது. எட்டு இருக்கின்றன.