ஒரே ஒருவர் தேடியது

மனநல ஆலோசனை மையம் ஒன்றுக்கு இணைய விளம்பரம் போடுபவர் அவர். யார் என்ன தேடினால் விளம்பரம் தெரிய வேண்டும் என்று சொற்களைப் பொறுக்கிக் கொடுப்பார். மக்கள் தேடியவற்றின் பட்டியலில் அந்த வாரம், "அண்ணன் போன் எடுக்கலன்னா என்ன பண்றது" என்று ஒரே ஒருவர் தினமும் தேடியிருந்தார். அந்தத் தேடல், விளம்பரம் போடும் இவருடைய தங்கை இருந்த ஊரிலிருந்து, மாலை நான்கு மணிக்கு வந்திருந்தது.

போன வருஷம் அதே நேரத்தில் தங்கை அவரைப் போனில் மூன்று முறை கூப்பிட்டாள். "இவளுக்கு வேற வேலையில்ல" என்று துண்டித்தார். மறுநாள் காலை அவள் உயிரோடு இல்லை.

"ஒரு ஆளுக்காக எதுக்கு சார் இது? பட்டியல்லேருந்து தூக்கிடவா?" என்றாள் உடன் வேலை பார்ப்பவள்.

அவர் கூனிக் குறுகி, தலை நிமிராமல், "தூக்கிடும்மா" என்றார்.

மறுநாள் பட்டியலில் அந்தத் தேடல் இல்லை. அதே ஊரிலிருந்து, அதே நான்கு மணிக்கு வேறொன்று இருந்தது: "அண்ணன் மேல கோபமில்லன்னு எப்படிச் சொல்றது."